ராணுவ ஆள் எடுப்புக்குத் தயாராகிறவர்கள் பவுடர், மாத்திரை பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் விடிவதற்கு முன்பே காந்தி ஸ்டேடியத்திலும் ஏற்காடு அடிவாரச் சாலையிலும் பசங்க ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். பலருக்கு அக்னிவீர் கனவு. சிலர் போலீஸ் வேலைக்கும் சேர்த்தே ஓடுகிறார்கள். ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் பேச்சு பவுடருக்குப் போய்விடும். எந்த டப்பா, எத்தனை ஸ்கூப், யார் வாங்கினான், யாருக்கு உடம்பு ஏறியது. பயிற்சி கொடுக்கிற எங்களிடம் பசங்களும் அவர்களுடைய வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சர்க்கரை, பிரஷர், கிட்னி, இதயம் என்று ஏற்கெனவே ஏதாவது தொந்தரவு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

அண்ணா, பவுடர் இல்லாமல் செலக்‌ஷன் ஆக முடியுமா?

முடியும். கிரவுண்டில் என்ன பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இந்தக் கேள்வியே வராது. அக்னிவீர் பொதுப் பணிக்கு, எழுத்துத் தேர்வு தேறிய பிறகு 1.6 கிலோமீட்டர் ஓட்டம். 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் முழு மதிப்பெண் 60. அப்புறம் பீம், அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது. 10 எடுத்தால் 40 மதிப்பெண். 9 அடி பள்ளம் தாண்டுவதும் ஜிக்ஜாக் கட்டை மேல் நடப்பதும் தேறினால் போதும், மதிப்பெண் கிடையாது. பிறகு அளவு எடுப்பார்கள். நம் பக்கத்துக்கு உயரம் 166 செ.மீ., மார்பு 77 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். கடைசியில் மெடிக்கல்.

இதில் கைச்சதையை அளக்கிற இடம் எங்கேயும் இல்லை. ஜிம்மில் ஏற்றிய ஒவ்வொரு கிலோவையும் 1.6 கிலோமீட்டருக்குச் சுமக்க வேண்டியதும் நீங்கள்தான், கம்பியில் இழுக்க வேண்டியதும் நீங்கள்தான். விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள். அதனால் அந்தந்த வருஷத்து அறிவிக்கையை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். சேலம் மாவட்டம் கோவை ஆள் எடுப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது.

பையன் வே புரோட்டீன் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். கெடுதலா சார்? (ஒரு அம்மா கேட்டது)

கெடுதல் இல்லைங்க. பாலிலிருந்து பாலாடைக்கட்டி எடுத்த பிறகு மிஞ்சுகிற தண்ணீரை வடிகட்டி, காயவைத்துச் செய்கிற பவுடர்தான் வே. நல்ல கம்பெனி சரக்காக இருந்தால் அது உணவுதான், மருந்து இல்லை. கிட்னி நன்றாக இருக்கிற பையனுக்கு அளவாகக் கொடுத்தால் கிட்னி கெடும் என்ற பயம் தேவையில்லை. சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்கு வயிறு உப்பும், போகும்.

கேள்வி, அவனுக்கு அது தேவையா என்பதுதான். சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்ன கணக்கு. தினமும் ஓடி, பீம் அடிக்கிறவனுக்கு 1.2-லிருந்து 1.6 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். பையன் 60 கிலோ என்றால் 72-லிருந்து 96 கிராம்.

வீட்டுச் சாப்பாட்டிலேயே பார்ப்போம். நாலு முட்டை, 24 கிராம். அரை லிட்டர் பால், 16. ஒரு கை நிறைய வறுத்த நிலக்கடலை, சுமார் 50 கிராம் எடை, அதில் 12. அதே எடை கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10. மூன்று வேளை இட்லி, சோறு, பருப்பில் 25-க்குக் குறையாது. கூட்டிப் பாருங்கள், 87. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் அது தனி.

காசுக் கணக்கும் போட்டுவிடலாம். ஒரு கிலோ டப்பா 2500 ரூபாய், அதில் முப்பது ஸ்கூப் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஸ்கூப் 80 ரூபாய்க்கு மேல். அதில் கிடைப்பது 24 கிராம் புரதம். அதே 24 கிராம் நாலு முட்டையில் வந்துவிடுகிறது. முட்டை ஏழு ரூபாய் என்றாலும் 28 ரூபாய். முட்டைக்கு விலை வைக்கிற நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் டப்பாவுக்கு அலைகிறோம்.

முட்டையே தொடாத வீடு, காலை ஓட்டம் முடிந்து நேராக வேலைக்கு ஓடுகிற பையன், இவர்களுக்கு ஒரு ஸ்கூப் வசதி. அவ்வளவுதான் அதன் பெருமை. சைவக்காரர்களுக்குச் சோயா உருண்டை இருக்கிறது. 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம், விலையும் குறைவு. தினமும் தின்றால் வெறுத்துப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாஸ் கெயினர்?

பெரிய டப்பா, பெரிய பெயர். பின்பக்கம் படித்தால் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து. நம் ஊர் ஜவ்வரிசியும் கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்துதான், அதற்கு யாரும் மூவாயிரம் ரூபாய் கொடுப்பதில்லை. எடை குறைவாக இருக்கிறவர்கள் இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், கொஞ்சம் நிலக்கடலை, வெல்லம் சேர்த்து அரைத்துக் குடியுங்கள். காலையில் கம்பங்கூழோ ராகிக் களியோ வயிறு நிறையச் சாப்பிடுங்கள்.

கிரியேட்டின் எடுத்தால் பீம் கூடும் என்கிறார்களே?

கிரியேட்டின் என்பது சதைக்கு உடனடி சக்தி கொடுக்க உடம்பே செய்துகொள்கிற ஒரு பொருள், அதைத்தான் பவுடராக விற்கிறார்கள். கடைகளில் விற்பவற்றில் நிறைய ஆராய்ச்சி நடந்து, வேலை செய்கிறது என்று தெரிந்த ஒன்றிரண்டில் இதுவும் ஒன்று. ஒரு நாளைக்கு 3-லிருந்து 5 கிராம் போதும். முதல் வாரம் 20 கிராம் வீதம் லோடிங் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. சில வினாடிகளில் முழு பலத்தையும் போடுகிற வேலைக்குத்தான் இது உதவும், எடை தூக்குவது, குறுந்தூர ஓட்டம் மாதிரி. ஐந்தரை நிமிடம் ஓடுகிற ஓட்டத்தில் அதனால் பெரிய லாபம் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சதைக்குள் தண்ணீர் சேர்ந்து ஒன்று, ஒன்றரை கிலோ எடை கூடும். பீமில் அந்த எடையையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவும் கொஞ்சம் ஏறித் தெரியலாம். கிட்னி கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை, ஆனால் மெடிக்கலுக்கு முன்னால் அந்த வீண் சந்தேகம் எதற்கு? பதினெட்டு வயது ஆகாதவர்கள் தொடவே வேண்டாம். மற்றவர்கள் எடுத்தே தீருவேன் என்றால் வேறெதுவும் கலக்காத கிரியேட்டின் மோனோஹைட்ரேட் மட்டும். மெடிக்கலுக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

பிரீ-வொர்க்கவுட் போட்டுக்கொண்டு ஓடினால் டைம் குறைகிறது. ரேலி (ஆள் எடுப்பு முகாம்) அன்றைக்கும் போடலாமா?

வேண்டாம். பயிற்சிக்கு முன்னால் சுறுசுறுப்புக்காகக் குடிக்கிற பவுடர் அது. டைம் குறைவதற்குக் காரணம் அதிலுள்ள கஃபீன்தான். காபி, டீயில் இருப்பதேதான், அளவுதான் அதிகம். சில டப்பாக்களில் ஒரு ஸ்கூப்பிலேயே 200, 300 மில்லிகிராம். வளர்ந்த ஆள் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 400-க்கு மேல் போகக்கூடாது என்பார்கள். முகம், காது எல்லாம் ஊசி குத்துகிற மாதிரி குறுகுறுக்கும். அது பீட்டா-அலனைன் என்று அதில் கலக்கிற இன்னொரு பொருளின் வேலை. அதைப் பார்த்துவிட்டு ‘செம பவர்’ என்று பசங்க நினைத்துக்கொள்கிறார்கள்.

ரேலி அன்று என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நள்ளிரவிலிருந்து வரிசை, தூக்கம் இல்லை, பதற்றம். அதோடு கஃபீனும் சேர்ந்தால் நெஞ்சு படபடக்கும், வயிற்றைக் கலக்கும். மெடிக்கலில் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்ப்பார்கள். அழுத்தம் 140/90-க்கு மேலேயே நின்றாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100-ஐத் தாண்டினாலோ சிக்கல். நல்லா ஓடுகிற பையன், அவனாகவே வாங்கிக் குடித்த பவுடரால் அங்கே போய் மாட்டிக்கொள்ள வேண்டுமா?

கஃபீனோடு என்ன கலந்திருக்கிறது என்பது அடுத்த கவலை. 2011-ல் அமெரிக்காவில் பயிற்சியின்போது இரண்டு ராணுவ வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் டிஎம்ஏஏ என்ற ஊக்கப்பொருள் கலந்த பவுடரை எடுத்திருந்தது தெரிந்ததும், ராணுவ முகாம் கடைகளிலிருந்து அந்தச் சரக்கையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பெயர் லேபிளில் இருந்தால் டப்பாவைக் கீழே வையுங்கள். ‘சீக்ரெட் பிளெண்ட்’ என்று போட்டு எது எவ்வளவு என்று சொல்லாத டப்பாவும் அப்படித்தான்.

பழக்கம் இருந்தால் ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு டம்ளர் காபி குடியுங்கள். சேர்வராயன் மலையில் 1820-களிலிருந்து காபி விளைகிறது, அதை டப்பாவில் தேட வேண்டியதில்லை.

ஜிம் மாஸ்டர் ‘ஒரு கோர்ஸ் போட்டால் மூணு மாசத்தில் ரெடி’ என்கிறார். கோர்ஸ் என்றால் என்ன?

பெரும்பாலும் ஸ்டீராய்டு. மாத்திரையாகவும் வரும், ஊசியாகவும் வரும். உடம்பு தானாகச் சுரக்கிற ஆண் ஹார்மோனை வெளியிலிருந்து அதிக அளவில் ஏற்றுகிறார்கள். சதை ஏறும், உண்மை. வெளியிலிருந்து வருகிறதே என்று உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். விதை சுருங்கும். ஊசியை விட்ட பிறகும் சுரப்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம்.

ஏற்றிய ஹார்மோனில் ஒரு பகுதியை உடம்பு பெண் ஹார்மோனாக மாற்றிவிடும். அதனால் மார்புக் காம்புக்குக் கீழே கட்டி மாதிரி ஒன்று வளரும். ஜிம்மில் இதை ‘கைனோ’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். மெடிக்கலில் சட்டையைக் கழற்றியதும் டாக்டர் முதலில் பார்ப்பது அதைத்தான். ராணுவ மெடிக்கலில் தகுதியிழப்புக்கான காரணங்களில் அது இருக்கிறது. எந்தக் கிரீமும் அதைக் கரைக்காது. பல பேருக்கு ஆபரேஷன்தான் வழி. முதுகு முழுக்கப் பெரிய பெரிய பருக்கள் வந்தாலும் கேள்வி வரும்.

இன்னும் ஒன்று, இதை மாஸ்டர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். பதினேழு வயதுப் பையனுக்கு எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாமல் இருக்கலாம். ஸ்டீராய்டு அதைச் சீக்கிரம் மூட வைத்துவிடும். இன்றைக்கு 165 செ.மீ. இருக்கிற பையன் ஒரு வருஷத்தில் தானாகவே 166-ஐத் தொட்டிருப்பான். கோர்ஸ் போட்டால் 165-லேயே நின்றுபோகலாம். பிறகு எவ்வளவு வேகமாக ஓடி என்ன?

ஊக்க மருந்து எடுத்தது தெரிந்தால் தகுதி நீக்கம் என்று அறிவிக்கையிலேயே எச்சரிக்கிறார்கள். ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டால் மஞ்சள் காமாலை, எச்ஐவி வரைக்கும் போகும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் வெட்கப்படாமல் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போய் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஒல்லியாக இருக்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், பத்து நாளில் கன்னம் உப்பிவிட்டது. நல்லதுதானே?

இல்லை தம்பி. கன்னம் உப்புகிறது என்றாலே சந்தேகப்பட வேண்டும். சீட்டு இல்லாமல் ‘சதை போடும் மாத்திரை’ என்று கொடுப்பது பல நேரம் டெக்ஸாமெத்தசோன், கூடவே பசி எடுக்க சைப்ரோஹெப்டடின். முதலாவது இன்னொரு வகை ஸ்டீராய்டு. ஆஸ்துமா, கடும் அலர்ஜி மாதிரியானவற்றுக்கு டாக்டர் பார்த்துக் கொடுக்கிற மருந்து. நீங்கள் பார்ப்பது சதை அல்ல, நீரும் கொழுப்பும். உள்ளே சர்க்கரையும் பிரஷரும் ஏறும், எலும்பு தேயும், தொடைச்சதை இளைக்கும். இரண்டாவது மாத்திரை தூக்கத்தில் தள்ளும்.

வாரக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, மயங்கி விழலாம். அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள், எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லுவார்.

உயரம் கூட பவுடர் இருக்கிறதா?

இல்லை. வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால் எந்தப் பவுடரும் மாத்திரையும் எண்ணெயும் அரை சென்டிமீட்டர்கூடக் கூட்டாது. ஆனால் ஒன்று, நாள் முழுக்க நின்றால் முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கும், இரவு தூங்கி எழுந்தால் பழையபடி ஆகும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கும். எல்லையில் இருக்கிறவர்கள் முந்தின நாள் நன்றாகப் படுத்துத் தூங்கிவிட்டுப் போங்கள்.

டப்பா அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது?

இது எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி, ஆனால் கேட்பவர் குறைவு. முதலில் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுக்கிற உரிம எண், 14 இலக்கம். அது இருந்தால் மட்டும் போதாது, அந்த எண்ணை எஃப்எஸ்எஸ்ஏஐ தளத்தில் போட்டு, டப்பாவில் உள்ள கம்பெனி பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வரியும் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் ஸ்டிக்கரில் இருக்கும். மூடிக்கு உள்ளே இருக்கிற சீல் ஒட்டுப் போட்ட மாதிரி இருந்தால் வாங்காதீர்கள்.

ஜிப் கவரில் லூஸாக அள்ளிக் கொடுப்பதை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பாதி விலைக்குக் கிடைக்கிற ‘ஃபாரின் டப்பா’வும் வேண்டாம். தீர்ந்துபோன அசல் டப்பாவில் வேறு பவுடரை நிரப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் காலி டப்பாவைத் தூக்கிப் போடும்போது லேபிளைக் கிழித்து, கத்தியால் ஒரு குத்துக் குத்திப் போடுங்கள்.

அசல் டப்பா என்றாலும் முழுசாக நம்பிவிட முடியாது. இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-ல் ஒரு மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. கிட்டத்தட்ட 70 சதவீதம் சரக்குகளில் லேபிளில் சொன்ன புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் இருந்தது. மூலிகை கலந்தது என்று விற்றவையும் அதில் அடக்கம். ‘மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது’ என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நான் பெண். மிலிட்டரி போலீஸ் அக்னிவீருக்கு ஓடுகிறேன். சீக்கிரம் களைத்துப்போகிறேன், என்ன பவுடர் எடுக்கலாம்?

பவுடர் வேண்டாம் பாப்பா, முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறவர்களுக்கு இது சகஜம். பெண்களுக்கு 1.6 கிலோமீட்டரை 7 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் முதல் குரூப், அதாவது வேகமாக ஓடியவர்கள் பிரிவு. ரத்தம் குறைவாக இருந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் அந்த டைம் வராது. எங்களிடம் வருகிற பெண் பிள்ளைகளில் இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு ஓட்டம் தானாக மாறியவர்கள் உண்டு. சொல்லப்போனால் இந்தப் பக்கத்தில் நான் மனசார சிபாரிசு செய்கிற மாத்திரை அது ஒன்றுதான், அதுவும் பரிசோதித்து டாக்டர் சொன்ன பிறகு. மாத்திரையோடு டீ, காபி குடிக்காதீர்கள், சத்து ஏறாது. எலுமிச்சைச் சாறு நல்லது.

கெண்டைக்கால் முன்னெலும்பு வலித்தால் அலட்சியம் வேண்டாம், நுண்ணிய விரிசலாக இருக்கலாம். அமெரிக்கக் கடற்படையில் பயிற்சிக்கு வந்த பெண்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-ல் வந்தது. எலும்பு விரிசல் 20 சதவீதம் குறைந்தது. நம்மிடம் ராகி இருக்கிறது, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். கூடவே பால், தயிர், முருங்கைக்கீரை.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

கூடாது. வெயிலில் நீர் வற்றின உடம்பில் டைக்லோஃபினாக் மாதிரி மாத்திரை கிட்னியை நேராகத் தாக்கும். வலிக்கிறது என்றால் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும், அல்லது பழைய ஷூவை மாற்ற வேண்டும்.

ஏற்காடு மேலே போய் ஓடினால் ரத்தம் ஊறுமாமே? அப்போது மாத்திரை எதுவும் தேவையில்லையா?

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். சிவப்பணு கூடுவதற்கு ஓட்டக்காரர்கள் 2000 மீட்டருக்கு மேல் வாரக்கணக்கில் தங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் ஓடிவிட்டு இறங்குவதில் அது நடக்காது. கால் பலத்துக்கும் மூச்சுக்கும் ஏற்றம் அருமையான பயிற்சி, அதற்காகப் போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஓடியே இறங்குகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். முழங்கால் போய்விடும், வண்டி வேறு வரும்.

பிசிஏஏ, ஃபேட் பர்னர், மல்டிவைட்டமின்?

பிசிஏஏ என்பது புரதத்தில் இருக்கிற மூன்று அமினோ அமிலங்களை மட்டும் தனியாக விற்பது. முட்டை, பால் சாப்பிடுகிறவருக்கு அது வீண். ஃபேட் பர்னர் என்பது இன்னொரு பெயரில் கஃபீன். மல்டிவைட்டமின் போட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகும், பயப்பட ஒன்றும் இல்லை, காசு அப்படியே போகிறது.

சேலம் வெயிலில் என்ன குடிப்பது?

தண்ணீர், உப்புப் போட்ட மோர், நீராகாரம். வியர்த்துக் கொட்டினால் ஓஆர்எஸ், ஒரு பாக்கெட்டை அதில் சொன்னபடி ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து. பெட்டிக்கடையில் அட்டை டப்பாவில் விற்ற இனிப்பு ஜூஸ்களும் அந்தப் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் கலவை இல்லாத எதிலும் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் எஃப்எஸ்எஸ்ஏஐ தடுத்துவிட்டது. மருந்துக்கடையில் பவுடர் பாக்கெட்டாகவே கேட்டு வாங்குங்கள்.

ரேலி அன்று காலையில் என்ன சாப்பிட?

ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, அல்லது ரொட்டியும் வாழைப்பழமும். அதுவரை சாப்பிட்டுப் பழகாத எதையும் அன்று தொடாதீர்கள். ராத்திரி கடைவீதியில் தட்டுவடை செட் சாப்பிடுகிற ஆசையைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். வரிசையில் பக்கத்தில் நிற்கிறவன் நீட்டுகிற மாத்திரை, பாட்டில் எதையும் வாங்கவே கூடாது.

போலி டப்பா வாங்கி ஏமாந்துவிட்டேன். எங்கே சொல்வது?

மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், எஃப்எஸ்எஸ்ஏஐயின் செயலியிலும் பதியலாம். மிச்சப் பவுடரைக் கொட்டிவிடாமல் டப்பாவோடு வைத்திருங்கள். தொகுதி எண், காலாவதித் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பில் கட்டாயம் வேண்டும். ‘பில் போட்டால் ஐந்நூறு ரூபாய் கூட ஆகும்’ என்று சொல்கிற கடையாக இருந்தால், அங்கே வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.